மகனோடு ஷூட்டிங் ரேஞ்சுக்கு: மூன்று கார்பைன்களும் ஒரு முடிவும்

ட்ரையருக்குள் டக் டக் என்று ஏதோ உருளும் சத்தம். சில்லறைக் காசாக இருக்கும் என்று நிறுத்திவிட்டுக் கையை விட்டுத் துழாவினால், விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குப்பி. அடியில் வட்டமாக '9 எம்எம் லூகர்' என்று பொறித்திருந்தது. 15 வயசு மகனின் ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து விழுந்த காலித் தோட்டா உறை.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தவனிடம் சமையலறை மேஜைமேல் அதை வைத்துக் காட்டினேன். முகம் வெளுத்துப்போச்சு. நண்பனின் அப்பா ரெண்டு தடவை ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனாராம். இரும்புத் தட்டுகளைச் சுடுவார்களாம். 'டிங்'னு சத்தம் வருமாம். ரொம்பப் பிடிச்சிருக்காம்.

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ விடமாட்டேம்மா."

அவன் சொன்னதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது, அது உண்மை என்பதுதான். விட்டிருக்கவே மாட்டேன். க்ளீவ்லண்ட் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது இருப்பது கொலம்பஸில். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒஹாயோவில் இருந்தும் துப்பாக்கியைக் கையால் தொட்டது கிடையாது. நம் வீடுகளில் அந்தப் பேச்சே வராது. அது 'அவங்க' விஷயம். ஆனால் என் மகனோ கிண்டர்கார்ட்டனிலிருந்தே, வகுப்பறை விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சத்தமில்லாமல் உட்காரப் பழகியவன். துப்பாக்கி என்பது அவன் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறது. நான்தான் இல்லாதது மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த நண்பன் வீட்டில் இவன் எத்தனை ராத்திரி தங்கியிருக்கிறான்! வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்லியிருக்கேன், படுக்கும் நேரம் பற்றிச் சொல்லியிருக்கேன். "உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கா? பூட்டி வச்சிருக்கீங்களா?" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ராத்திரி எங்க வீட்டுக்காரர் சொன்னார்: "தடுத்தா மறைச்சுத்தான் செய்வான். நாமே கூட்டிட்டுப் போய் என்னதான்னு பார்த்துடலாம்."

கார்பைன் என்பது என்ன?

மகன் கேட்டது கைத்துப்பாக்கி இல்லை. 'பிஸ்டல் காலிபர் கார்பைன்', சுருக்கமாகப் பிசிசி. கைத்துப்பாக்கியில் போடும் அதே தோட்டா, பெரும்பாலும் 9 எம்எம். ஆனால் தோளில் அணைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி.

இது புதுசு ஒன்றும் இல்லை. வின்செஸ்டர் 1873 என்ற பழைய கௌபாய் ரைஃபிள் போட்ட அதே தோட்டாவுக்குக் கோல்ட் நிறுவனம் பின்னர் ரிவால்வரும் செய்தது. இடுப்பில் ஒன்று, குதிரைச் சேணத்தில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே தோட்டாப் பை. இன்றைய கார்பைனும் அதே கணக்குதான்.

பழகுபவர்களுக்கு இது ஏன் சுலபம்? கைத்துப்பாக்கியைக் கைகள் மட்டுமே தாங்குகின்றன. கார்பைனைத் தோள், கன்னம், இரண்டு கை என்று நான்கு இடத்தில் பிடித்துக்கொள்கிறோம். குறி ஆடுவது குறைகிறது. தவறுதலாகக் குழலைப் பக்கத்து ஆள் பக்கம் திருப்பும் ஆபத்தும், நீளமாக இருப்பதால், கொஞ்சம் குறைவு. ரைஃபிள் தோட்டாவைவிட 9 எம்எம் மலிவு. பெரிய ரைஃபிள்களை அனுமதிக்காத உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் இதை அனுமதிக்கிறார்கள்.

கடையில் எந்தக் கார்பைனைப் பார்த்தாலும் குழல் 16 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியே இருக்கும். அதுவும் சட்டத்தால் வந்தது. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளை 1934ஆம் வருஷத்து மத்திய சட்டப்படி தனியாகப் பதிவு செய்யணும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன்

சனிக்கிழமை காலை நாங்கள் நாலு பேர் போனோம். நான், அவர், மகன், அப்புறம் எங்கள் வீட்டில் தங்கி எம்எஸ் படிக்கும் மச்சாண்டார் மகன். பெரியவனுக்குத்தான் ஆர்வம் அதிகம். வழியெல்லாம் சினிமாத் துப்பாக்கி வசனமாகப் பேசிக்கொண்டே வந்தான்.

கவுன்ட்டரில் படிவம் கொடுத்தார்கள். குடியுரிமை பற்றிய கேள்விக்கு அவன் 'எஃப்-1 விசா' என்று எழுதினான். கவுன்ட்டர் பெண்மணி மரியாதையாகவே சொன்னார்: "நீங்க உள்ளே சுட முடியாது."

எங்களில் யாருக்கும் இது தெரியாது. எஃப்-1, ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி, ரேஞ்சில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் சிக்கல்தான். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. 'டீம் அவுட்டிங்' என்று ஆபீஸிலிருந்து ரேஞ்சுக்குப் போய், ஃபோட்டோவும் எடுத்துப் போடும் நம்ம பசங்களுக்குத் தயவுசெய்து இதைச் சொல்லுங்க. ஒரு சனிக்கிழமைச் சந்தோஷத்துக்காக விசாவைப் பணயம் வைக்கவேண்டாம்.

பெரியவன் சிரித்துச் சமாளித்துவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை.

உள்ளே போகும் முன் பயிற்சியாளர் நான்கு விதிகளைச் சொல்லவைத்தார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை. எதை அழிக்க மனசில்லையோ அதன் பக்கம் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை ட்ரிக்கரில் விரல் வைக்காதே. குறி என்ன, அதன் பின்னால் என்ன என்று தெரிந்துகொள். நான் தடுமாறினேன். மகன் ஒரு மூச்சில் ஒப்பித்தான். நண்பனின் அப்பா நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று முதன்முதலாகக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

காதுக்குள் பஞ்சு, அதன்மேல் மஃப், இரண்டும் போட்டோம். 140 டெசிபலைத் தாண்டிய வெடிச்சத்தம் ஒரே தடவையில்கூடக் காதைக் கெடுக்கலாம். துப்பாக்கி வெடி அதைத் தாண்டும். உள்ளரங்கில் சுவரில் மோதித் திரும்பவும் வரும். நான் போட்டிருந்ததோ கழுத்து அகலமான குர்தி. மூன்றாவது குண்டிலேயே, பக்கத்துத் தடத்திலிருந்து பறந்து வந்த சூடான உறை ஒன்று கழுத்து வழியாக உள்ளே விழுந்தது. துள்ளிக் குதித்துவிட்டேன். நல்லவேளை, துப்பாக்கி என் கையில் இல்லை. கழுத்து மூடிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போங்க. தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கோங்க. முடியை இறுக்கிக் கட்டுங்க.

மூன்றையும் கையில் பிடித்தபோது

அங்கே வாடகைக்கு இருந்த மலிவு விலைக் கார்பைன்கள் மூன்றையும் வரிசையாக எடுத்தோம். மூன்றும் 9 எம்எம். மூன்றுமே 'ப்ளோபேக்' முறை. தோட்டா வெடிக்கும்போது அந்த அழுத்தமே கனமான போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலி உறையை வெளியே வீசி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. பாகங்கள் குறைவு, அதனால்தான் விலையும் குறைவு. ஆனால் அந்தக் கனமான இரும்பு முன்னும் பின்னும் ஓடுவதால், சின்னத் தோட்டாதானே என்று நினைத்ததைவிட உதை கொஞ்சம் கூடவே தெரியும்.

முதலில் ஹை-பாயின்ட் 995. நம்ம ஒஹாயோ மான்ஸ்ஃபீல்டில் செய்வது. மூன்றில் இதுதான் மலிவு, 300 டாலரை ஒட்டி வரும். பார்க்க அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மேகஸினில் 10 தோட்டாதான். ட்ரிக்கர் கனமாக, கரகரவென்று நகர்ந்தது. ஆனால் 25 கெஜத்தில் நான், அதுவும் முதல் நாள், சுட்ட பத்தில் எட்டு குண்டு ஒரு தோசைக்கல் வட்டத்துக்குள் விழுந்தது. ஆயுள் முழுக்க வாரன்ட்டி, கை மாறி வாங்கினாலும் உண்டு. கிண்டல் செய்பவர்களும் "ஆனா சுடும்" என்று ஒத்துக்கொள்கிற துப்பாக்கி.

அடுத்தது ஃப்ளோரிடாவில் செய்யும் கெல்-டெக் சப்-2000. நடுவில் இரண்டாக மடிந்துவிடும். மடித்தால் 16 அங்குலம் சொச்சம், ஒரு லேப்டாப் பைக்குள் போகும். எடை 2 கிலோவுக்கும் குறைவு. 400, 500 டாலர். மகனுக்குப் பார்த்ததும் இதுதான் பிடித்தது. ஆனால் கன்னத்தை வைக்க வேண்டிய இடம் ஒரு வெறும் குழாய். எடையும் இல்லாததால் ஒவ்வொரு வெடிக்கும் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு. இருபது குண்டில் "போதும்மா" என்றான். பழைய மாடல்களில் மேலே ரெட் டாட் பொருத்தினால் மடிக்க முடியாது. 2023இல் வந்த மூன்றாம் தலைமுறையில் முன்பகுதியைச் சுழற்றிவிட்டு மடிக்கும்படி மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு வேறொன்று தோன்றியது. மடித்துப் பைக்குள் போட்டு எடுத்துப் போகலாம் என்பதுதான் அதன் பெரிய சௌகரியம். 15 வயசுப் பையன் இருக்கும் வீட்டில் அதே சௌகரியம்தான் என் வயிற்றைக் கலக்கியது.

மூன்றாவது ரூகர் பிசி கார்பைன். 600, 700 டாலர். எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை ஒன்று நகர்ந்து உதையைத் தணிக்கிறது. முன்பகுதியைத் திருகினால் இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். மேகஸின் பொருத்தும் பகுதியை மாற்றினால் க்ளாக் மேகஸினையும் போடலாம். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. என் மகன் இடது கைக்காரன். பாட்டி எத்தனையோ முயன்று சோற்றுக்கு மட்டும் வலது கையைப் பழக்கினார். மற்றதெல்லாம் இடதுதான். இந்தத் துப்பாக்கியில் போல்ட் கைப்பிடி, மேகஸினை விடுவிக்கும் பட்டன் இரண்டையும் இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உறை என்னவோ வலது பக்கம்தான் பறக்கும், அவன் முகத்துக்கு முன்னால். கண்ணாடி கட்டாயம். ரெட் டாட் வைத்து அவன் சுட்ட பத்தும் 25 கெஜத்தில் ஒரு இட்லிக்குள் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தான். அந்தச் சிரிப்பை ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2023இல் கொண்டுவந்த எஃப்பிசி, பக்கவாட்டில் மடிவது, அங்கே இல்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு அனுபவமில்லை.

வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவினோம். தோட்டாப் புகையில் ஈயம் இருக்கிறது. கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது, வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றித் தனியாகத் துவைக்கணும். ட்ரையரில் கிடந்த அந்த உறை, தங்கச்சியின் பள்ளிச் சட்டைகளோடு சுற்றிக்கொண்டிருந்தது என்பதை மகனுக்கு ஞாபகப்படுத்தினேன். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவனாகவே "ஸாரிம்மா" என்றான்.

தாத்தாவின் ரெட்டைக்குழல்

அடுத்த வாரம் ஐ-71இல் வடக்கே கிளம்பினோம். மான்ஸ்ஃபீல்டைத் தாண்டும்போது 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' எடுத்த பழைய சிறைச்சாலை இங்கேதான் என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். "ஹை-பாயின்ட்டும் இங்கேதான்" என்றான் மகன். க்ளீவ்லண்டில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஏரி ஓரமாக மேற்கே, போர்ட் க்ளின்டன் பக்கத்திலுள்ள கேம்ப் பெர்ரிக்கு.

அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். 82 வயசு. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எங்க பெரியப்பா வீட்டுல ஒரு ரெட்டைக்குழல் இருந்துச்சு. பன்னி வந்து கடலையைத் தோண்டிப் போட்டுடும், அதுக்கு லைசென்ஸ். எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சுடணும். முடிஞ்சப்புறம் போய் வாங்கிட்டு வரணும்."

"எலெக்ஷனுக்கு எதுக்குத் தாத்தா?"

"ஊர்ல கோபம் ஜாஸ்தியா இருக்கற நேரம்டா அது. கோபம் இருக்கற எடத்துல துப்பாக்கி இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கேம்ப் பெர்ரி ஏரீ ஏரிக்கரையில் தட்டையாகப் பரந்து கிடக்கிறது. 1813இல் இந்த ஏரியில் ஆங்கிலேயக் கப்பற்படையைத் தோற்கடித்த ஆலிவர் ஹசார்ட் பெர்ரியின் பெயர். ஒஹாயோ நேஷனல் கார்டின் இடம். 1907இலிருந்து தேசியப் போட்டிகள் இங்கே நடக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன், இத்தாலியப் போர்க்கைதிகளை இங்கே வைத்திருந்தார்கள். இப்போது கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் போடுகிறார்கள். பாட்டிகள், பதின்பருவப் பெண்கள், எல்லோரும்.

நாங்கள் போனது உள்ளேயுள்ள ஏர் ரைஃபிள் அரங்குக்கு. 10 மீட்டர் தூரம். குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையில் வைத்த மை அளவு. சுட்டவுடன் எதிரே திரையில் எங்கே பட்டது என்று காட்டும். வெடிச்சத்தம் இல்லை, 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக்கோப்பையில் தங்கம் வாங்கியது இந்த விளையாட்டில்தான் என்று பசங்களுக்குச் சொன்னேன். "தமிழ்ப் பொண்ணா?" என்று பெரியவன் உடனே ஃபோனை எடுத்தான்.

காற்றால் சுடும் துப்பாக்கி மத்திய சட்டப்படி 'ஃபயர்ஆர்ம்' ஆகாது. விசாத் தடை இதற்கு இல்லை. அன்றைக்குப் பெரியவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவில்லை. தம்பிக்குப் பக்கத்துத் தடத்தில் நின்று சுட்டான், அவனைவிட நன்றாகவே. பிசிசியில் இட்லிக்குள் அடக்கிய என் மகனுக்கு இங்கே கை நடுங்கியது தெரிந்தது. ஒரு மணி நேரம் வாயே திறக்காமல், மூச்சை அடக்கி, ஒன்று ஒன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் பத்து நிமிஷம் உட்காராத பையன்.

கணக்கும் முடிவும்

வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டோம். ஒரு தடவை போனால் 150 குண்டு, மாசம் ரெண்டு தடவை. 9 எம்எம் ஒன்று 25 சென்ட் என்றால் மாசம் 75 டாலர், வருஷத்துக்கு 900. மூன்று கார்பைன்களில் எதன் விலையையும்விட ஒரு வருஷத் தோட்டாச் செலவு அதிகம். எது மலிவு என்று துப்பாக்கியின் விலைச்சீட்டை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது. பாயின்ட் 22 தோட்டா 8 சென்ட் என்று வைத்தால் அதே பயிற்சி 288 டாலரில் முடியும். ரூகர் 10/22 மாதிரி 1964இலிருந்து வரும் எளிய ரைஃபிளே போதும். அவன் ஆசைப்படும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியிலும் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஐந்து தட்டு, ஐந்து முறை, மோசமான ஒன்றைக் கழித்து மற்ற நான்கின் நேரத்தைக் கூட்டுவார்கள். 'டிங்' சத்தமும் அதேதான்.

கார்பைன்தான் வேண்டும் என்றால், பூட்டி வைக்க இடமும் பெரியவர்களின் பொறுப்பும் உள்ள வீட்டுக்கு, எங்கள் ஓட்டு ரூகருக்கு. பட்ஜெட் இடித்தால் வெட்கப்படாமல் ஹை-பாயின்ட்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு இப்போது எதுவும் வராது. காரணத்தை மகனிடம் மறைக்கவில்லை. முதலாவது, உன் அண்ணன் எஃப்-1இல் இருக்கிறான். அவன் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் பிரச்சினை அவனுக்கும்தான். இரண்டாவதைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. உன்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் உன் வயசில் ஒரு கெட்ட ராத்திரி எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. தாத்தா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? எங்க வீட்டில் அடுத்த மூணு வருஷமும் எலெக்ஷன் டைம்னு வச்சுக்கோ.

கோபித்துக்கொண்டு மாடிக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. "அப்ப ரேஞ்ச்?" என்றான்.

மாசம் ஒரு தடவை ரேஞ்சில் ரூகர் வாடகைக்கு. மாசம் ஒரு தடவை ஏர் ரைஃபிள், பெரியவனோடு. யார் வீட்டுக்குப் போனாலும், யாரோடு சுடப் போனாலும் முதலில் எனக்குச் சொல்லணும். நானும் தங்கப் போகும் வீட்டில் துப்பாக்கி பற்றிக் கேட்பேன், மானம் போகுதுன்னு சொல்லக்கூடாது. நாலு வரியாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்.

அந்த வாரமே நண்பனின் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "சேஃப் இருக்கு, நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும், வந்து பாருங்க" என்றார். அவன் ஏற்கெனவே எங்களிடம் கேட்டுவிட்டான் என்றுதான் நினைத்திருந்தாராம். கேட்பது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

பித்தளை உறை இப்போது சமையலறை ஜன்னல் ஓரத்தில், துளசிச் செடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூக்கிப் போடலாமா என்று கேட்டான். இருக்கட்டும்டா என்றேன்.